வெதர்போர்டு வீட்டுக்கு எந்த பெயின்ட்? – வாசகர் கேள்வி பதில்

கோடைக்கு முன் வெளிச்சுவரை முடித்துவிட வேண்டும் என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். வெதர்போர்டு என்பது வெளிச்சுவரில் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி கிடையாக அடித்த மரப்பலகை. இப்படிப்பட்ட பலகை வீடு செங்கல் வீடு மாதிரி அல்ல. வெயிலுக்கும் மழைக்கும் பலகை விரியும், சுருங்கும். பெயின்ட் அதோடு சேர்ந்து அசைய வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

மூன்று வருடத்துக்கு முன்புதான் விலை உயர்ந்த பெயின்ட் அடித்தோம். மேற்குச் சுவரில் தகடு தகடாக உரிகிறது. கம்பெனியை மாற்ற வேண்டுமா?
– வாசகி, ஃபுட்ஸ்கிரே, மெல்பர்ன்

கம்பெனியை மாற்றும் முன், உரிந்த தகடு ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

பின்பக்கத்தில் சாம்பல் நிற மர நார் ஒட்டியிருந்தால், வெயிலில் செத்துப்போன மரத்தின் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெறும் மரம் சில வாரங்கள் வெயிலில் கிடந்தாலே மேல்நார் பலமிழந்துவிடும். பெயின்ட் அந்த நாரைப் பிடித்துக்கொள்கிறது, நாரோ மரத்தைப் பிடிப்பதில்லை. 80 எண் உப்புத்தாளால் சாம்பல் போய் மரத்தின் சொந்த நிறம் தெரியும்வரை தேய்த்து, அன்றோ மறுநாளோ பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால்தான் பிடிக்கும். பின்பக்கத்தில் வெள்ளைப் பொடி இருந்தால், பொடிந்துபோன பழைய பெயின்டைக் கழுவாமல் அடித்த குறை. நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றும் சுவரையும் கறுப்புத் துணியால் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். துணி வெளுத்தால், கழுவாமல் எதையும் அடிக்க வேண்டாம்.

தகட்டின் பின்பக்கம் சுத்தமாக இருந்து, சுவரில் கொப்புளமும் இருந்தால், ஈரம் பலகைக்குப் பின்னால் இருந்து வருகிறது. ஒரு கொப்புளத்தைக் கத்தியால் கீறுங்கள். உள்ளே வெறும் மரம் தெரிந்தால் ஈரம்தான். பழைய பெயின்ட் தெரிந்தால், சுடும் வெயிலில் அடித்ததால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து மூடிக்கொண்டிருக்கலாம். ஈரம் என்றால் அந்தச் சுவருக்கு உள்ளே குளியலறை இருக்கிறதா, அதன் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே ஊதுகிறதா, கூரைக்குள் ஊதுகிறதா, கூரையோர மழைநீர்க் கால்வாயில் ஓட்டை உண்டா, பூச்செடி மண் கீழ்ப்பலகையைத் தொடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நிறையப் பேர் பார்க்கத் தவறும் ஒரு காரணமும் உண்டு. மேல்பலகையின் கீழ் உதடு அடுத்த பலகை மேல் படியும் இடத்தில் மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கும். அழகாக இருக்கட்டும் என்று அதை கேப் ஃபில்லரால் (இடைவெளி அடைக்கும் பசை) நீளத்துக்கு அடைத்துவிடுகிறார்கள். பலகைக்குப் பின்னால் போன ஈரம் வெளியேறும் வழியே அதுதான். அதை அடைத்தால் ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். பலகையும் அசைய முடியாமல் பிளக்கும். அடைத்திருந்தால் கத்தியால் அறுத்து எடுத்துவிடுங்கள். இரண்டு பலகைகள் முனையோடு முனை சேரும் இடம், மூலைக் கட்டைகள், ஜன்னல் சட்டத்தின் ஓரம் ஆகியவற்றை மட்டும் பெயின்ட் ஏற்கும், வளைந்துகொடுக்கும் ஃபில்லரால் அடைத்தால் போதும்.

1950களில் கட்டிய வீடு. மெஷின் வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் தேய்த்துவிட எண்ணம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகர், சன்ஷைன், மெல்பர்ன்

தயவுசெய்து மெஷினை எடுக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 1965க்கு முன் வீட்டு பெயின்டில் 50 சதவீதம் வரைகூட ஈயம் அனுமதிக்கப்பட்டது. 1965இல் அது 1 சதவீதமாகவும், 1992இல் 0.25 ஆகவும், 1997இல் 0.1 ஆகவும் குறைந்தது. உங்கள் வீட்டின் அடி அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். மெஷின் கிளப்பும் தூசி மண்ணிலும் ஜன்னல் விளிம்பிலும் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும்.

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் முதலில் பாருங்கள். மேல் அடுக்கை மட்டும் தொட்டுப் பயனில்லை. மரம் வரை சரிவாக வெட்டி எல்லா அடுக்கும் தெரியும்படி வைத்துச் சோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ஈயம் உறுதியானால், கெட்டியாக ஒட்டியிருக்கும் பெயின்டை அப்படியே விட்டு, மேலே புது பெயின்ட் அடித்து மூடுவதே பாதுகாப்பு. உரியும் இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துக் கையால் சுரண்டுங்கள், ஈர உப்புத்தாளால் தேயுங்கள். சுவரடியில் இரண்டு மீட்டராவது கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அன்றைய குப்பையை அன்றே கட்டிவிடுங்கள். முகத்துக்கு நுண்தூசியைத் தடுக்கும் பி2 மாஸ்க், சுத்தம் செய்ய நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம். சாதாரண வாக்குவம் ஈயத்தூசியைத் திரும்ப வெளியே ஊதும். ஹீட் கன், பிரஷர் வாஷர் இரண்டும் கூடாது. வேலை உடைகளைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரும், அந்த நாட்களில் வேறிடத்தில் இருப்பது நல்லது. பரப்பு பெரிதென்றால் ஈய வேலையில் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

புது பைன் பலகை. கறுப்புக்குக் கிட்டத்தட்ட வரும் சாம்பல் நிறம் அடிக்கலாமா?
– வாசகி, ஆக்லாந்து

அடிக்காமல் இருப்பதே நல்லது. நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதை எல்.ஆர்.வி. என்ற எண்ணால் சொல்வார்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. நிற அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். பைன் பலகைத் தயாரிப்பாளர்கள் பலர் 45க்குக் குறையாமல் இருக்கச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே போனால் உத்தரவாதமும் போகலாம். அடர்நிறப் பலகை சூட்டில் முறுக்கும், இணைப்புகள் திறக்கும், கணுக்களில் பிசின் கசியும். வெப்பத்தைத் திருப்பும் நிறமிகள் கொண்ட பெயின்ட் இந்தச் சூட்டைக் குறைக்கும், ஆனால் பலகைத் தயாரிப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் அதை நம்புங்கள். அந்தச் சாம்பலைக் கதவுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே!

எத்தனை லிட்டர் வாங்குவது? அக்ரிலிக்கா, எண்ணெய் பெயின்டா? பளபளப்பு எவ்வளவு வேண்டும்?
– வாசகர், டூங்காபி, சிட்னி

நீங்கள் எழுதியிருந்த அளவுகளை வைத்தே பார்ப்போம். 14க்கு 9 மீட்டர் வீடு, சுற்றளவு 46 மீட்டர். பலகை உயரம் 2.7 மீட்டர் என்றால் 124 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 22 கழித்தால் 102. பலகை உதடுகளின் அடிப்பகுதிக்கு 10 சதவீதம் சேர்த்தால் 112. இரண்டு பூச்சுக்கு 224. டின்னில் லிட்டருக்கு 16 சதுர மீட்டர் என்று போட்டிருக்கும், பழைய பலகையில் 12 என்று கணக்கிடுங்கள். ஏறத்தாழ 19 லிட்டர் வருகிறது. 10 லிட்டர் டின் இரண்டு வாங்கி, இரண்டையும் பெரிய வாளியில் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். கடையில் தனித்தனியே நிறம் கலந்த டின்களில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் நடுச்சுவரில் காட்டிக்கொடுக்கும்.

மேல்பூச்சு அக்ரிலிக்தான், அதாவது தண்ணீர் சேர்ந்த பெயின்ட். எண்ணெய் பெயின்ட் வருடம் ஆக ஆக இறுகி வெடிக்கும். அக்ரிலிக் மரத்தோடு நீளும். ஏற்கெனவே இருப்பது எதுவென்று அறிய, மெதிலேட்டட் ஸ்பிரிட் (எரிசாராயம்) நனைத்த துணியால் தேயுங்கள். இளகி ஒட்டினால் அக்ரிலிக், அசையாவிட்டால் எண்ணெய். எண்ணெய் மேல் நேராக அக்ரிலிக் அடிக்காமல், தேய்த்துப் பளபளப்பை எடுத்து, பிடிமானத்துக்கான பிரைமர் அடித்து மேலே போங்கள். வெறும் மரத்தில், அதுவும் கறை கசியும் மரத்தில், எண்ணெய் பிரைமர் இன்றும் நம்பகமானது. பலகை முனைகளுக்கு அதை இரண்டு தரம் கொடுங்கள், தண்ணீரை உறிஞ்சுவது அந்த முனைகள்தான்.

பலகைக்கு லோ ஷீன் (மெல்லிய பளபளப்பு), சட்டங்களுக்கும் கதவுக்கும் செமி கிளாஸ் (பாதிப் பளபளப்பு). பளபளப்பு கூடினால் பழைய பலகையின் ஒவ்வொரு நெளிவும் தெரியும்.

இங்கே நடுப்பகல் வெயில் வடக்குச் சுவரில் விழும் என்பதால் நிழலைப் பின்தொடர்ந்து வேலை செய்யுங்கள். கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் மேற்குச் சுவரைக் காலையிலும் அடியுங்கள். 10 டிகிரிக்குக் கீழும் 30க்கு மேலும் வேண்டாம். பனி இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். தெற்குச் சுவரில் பூஞ்சை இருக்கும். ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, 15 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அதில் வேறு எந்த சுத்திகரிப்பானும் சேரக் கூடாது. பூஞ்சையின் மேலேயே அடித்தால் அது புது பெயின்டுக்குள்ளேயே வளர்ந்து வரும்.

பிரஷ் பிடித்ததும் முதலில் பலகையின் கீழ் உதடு, பிறகு முகம். மூன்று நான்கு பலகைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விடாமல் இழுங்கள். பாதியில் நிறுத்தினால் அந்த இடம் கோடாக நிற்கும்.

சீடர் (cedar) மரப் பலகை. மர நிறம் அப்படியே இருக்க வார்னிஷ் அடிக்கலாமா?
– வாசகி, வெலிங்டன்

வேண்டாம். நிறமில்லாத வார்னிஷ் வழியே புற ஊதாக் கதிர் மரத்தை எட்டிவிடும். மேற்பரப்பு செத்து, வார்னிஷ் தோலாக உரியும். நிறமி கலந்த, மரத்துக்குள் ஊறும் ஸ்டெயின் எண்ணெய்தான் சரி. வடக்குச் சுவருக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும், ஆனால் சுரண்டும் வேலை இல்லை. எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி எறியாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் ஊறவைத்தோ பிறகு குப்பையில் போடுங்கள்.