அப்பத்தாவை மறைத்துவிட்டு ஒரு நேர்காணல்

கேள்வி: நானும் மனைவியும் சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறோம். ஐந்து வயது முடிந்த மகளை ஜூன் மாதம் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம் உள்ள ஒரு தனியார் இருபாலர் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்க விரும்புகிறோம். விடுதி கிடையாது, தினமும் வீடு திரும்பலாம். நீச்சல், ரோபாட்டிக்ஸ், நாடகம், பிரெஞ்சு எல்லாம் உண்டு. மாலை ஆறரை மணி வரை கூடுதல் நேர வகுப்புகளும் இருக்கின்றன. ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய். இவ்வளவு கொடுப்பது தகுமா? பெண்கள் மட்டும் படிக்கும் கான்வென்ட்தான் பாதுகாப்பு என்கிறார் என் மாமனார், அது சரியா? பின்னால் நீட் எழுத இந்தப் படிப்பு இடைஞ்சலாகுமா? அடுத்த மாதம் குழந்தைக்கும் எங்களுக்கும் நேர்காணல். வீட்டில் ஆங்கிலச் சூழல் வேண்டும் என்பதற்காக, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவைச் சிவகங்கைப் பக்கம் தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ‘அப்பா, அம்மா, நான்’ என்று ஆங்கிலத்தில் சொல்லவும் மகளைப் பழக்கியிருக்கிறோம். வேறு எப்படித் தயாராக வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, பள்ளிச் சேர்க்கைக் காலம் நெருங்கினால் கட்டணம், பாதுகாப்பு, நீட், நேர்காணல் என்று இந்த நான்கு கேள்விகளும் வெவ்வேறு கையெழுத்துகளில் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றுக்கு விடை சொல்ல அதிக நேரம் ஆகாது, பிறகு சொல்கிறேன். நீங்கள் ஒரு கேள்வியாகக்கூட நினைக்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட செய்தியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அப்பத்தா என்று ஒருவர் தன் வீட்டில் இல்லவே இல்லை என்று முன்பின் தெரியாத மனிதர்களிடம் சொல்ல, ஐந்து வயதுக் குழந்தைக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். அதை வேற்று மொழியில் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று ஒத்திகையும் பார்த்திருக்கிறீர்கள்.

அம்மாவிடம் என்ன காரணம் சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டு வலிக்கு ஊர்க் காற்று நல்லது என்றோ, சென்னை வெயில் தாங்காது என்றோ ஏதாவது சொல்லியிருப்பீர்கள். பிள்ளை வளர்த்து ஆளாக்கிய ஒரு பெண்ணுக்கு, தான் ஏன் விட்டுவிடப்பட்டோம் என்பது பேருந்து கிளம்புவதற்கு முன்பே புரிந்திருக்கும். உங்களைப் படிக்க வைத்தபோது, ஆங்கிலம் தெரியாத தன்னால் மகனின் படிப்பு கெடும் என்று அவர் விலகிப் போகவில்லை. அப்படி எண்ணியிருந்தால் நீங்கள் இன்று நான்கு லட்சத்தைப் பற்றி எனக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்று பதில் வரும் என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்கு மகன் செய்ய வேண்டியதில் பணம் சிறிய பங்கு என்பதும், அவளுடைய இடம் இந்த வீட்டில் இருக்கிறது என்று பிள்ளைகள் முன்னால் தயங்காமல் சொல்வது பெரிய பங்கு என்பதும் என் கட்சி. இந்தக் கட்சியைப் பழைய பஞ்சாங்கம் என்று நீங்கள் ஒதுக்கினாலும் நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

சரி, யாருக்குப் பயந்து இதைச் செய்தீர்கள்? அந்தப் பள்ளிக்குப் பயந்து. அப்படியானால் சட்டம் அந்தப் பள்ளிக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ எந்த வடிகட்டும் முறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மற்றத் தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தும். நடைமுறையில் ‘நேர்காணல் இல்லை, சும்மா ஓர் உரையாடல்தான்’ என்று பெயரை மாற்றிப் பல பள்ளிகள் இதைச் செய்துகொண்டிருப்பது ஊரறிந்த விஷயம். கேட்பதற்கே உரிமையில்லாத ஒரு கேள்விக்குப் பொய்ப் பதில் தயாரிக்க உங்கள் தாயை ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் ஆசைப்படும் அந்தப் பாடத்திட்டத்தை நீங்கள் சரியாகப் படித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஐ.பி.யின் தொடக்கநிலைப் பிரிவான பி.ஒய்.பி. மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. கணக்கு, அறிவியல் போன்ற பாடங்கள் அதில் இருந்தாலும், அவற்றையெல்லாம் ஊடறுத்துச் செல்லும் ஆறு பெருந்தலைப்புகளின் கீழ் குழந்தைகளைக் கேள்வி கேட்க வைத்து, தேட வைத்துச் சொல்லித்தருவதுதான் அதன் முறை. அந்த ஆறில் ஒன்று, காலத்திலும் இடத்திலும் நாம் எங்கே இருக்கிறோம் என்பது. தனிமனிதரின் வரலாறு, வீடுகள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மனிதர் மேற்கொண்ட பயணங்கள் ஆகியவை அதற்குள் வருகின்றன. இந்தத் தலைப்பை எடுக்கும் ஆசிரியை, உன் தாத்தா பாட்டி எந்த ஊர், என்ன தொழில் செய்தார்கள், ஏன் இடம் பெயர்ந்தார்கள், அவர்கள் விளையாடிய விளையாட்டு என்ன என்று கேட்டு வரச் சொல்வது மிக இயல்பானது. அன்றைக்கு உங்கள் மகள் யாரிடம் போய்க் கேட்பாள்? கண்மாய் நிறைந்த ஆண்டும் வறண்ட ஆண்டும் நினைவில் வைத்திருக்கிற, பல்லாங்குழியின் பதினான்கு குழிகளுக்கும் ஐந்தைந்து முத்தாகப் போட்டால் மொத்தம் எழுபது என்று ஏடெடுக்காமல் கணக்குச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரை நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு, நீங்கள் இரவு பத்து மணிக்கு இணையத்தில் படம் தேடி அச்செடுத்து ஒட்டிக்கொடுப்பீர்கள். மதிப்பெண்ணும் உங்களுக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி இவ்வளவு நடுங்க வேண்டியதில்லை. பகல் முழுவதும் ஆங்கிலத்தில் இயங்கும் பள்ளிக்குப் போகும் குழந்தை, வீட்டில் அப்பத்தாவோடு தமிழில் பேசுவதால் ஆங்கிலத்தை இழந்துவிடாது. குழந்தைக்குக் கற்பிக்கச் சிறந்த கருவி தாய்மொழியே என்று யுனெஸ்கோ 1953-லேயே வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நீங்கள் சேர்க்கப்போகும் ஐ.பி. பள்ளியும் மொழிக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்கவும், அதில் குழந்தைகளின் தாய்மொழிக்கு என்ன செய்கிறது என்று சொல்லவும் கடமைப்பட்டது. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. சட்டமும் பாடத்திட்டமும் இப்படி இருக்க, வீட்டிலிருந்து தமிழை வெளியேற்றும் வேலையை நீங்களே முன்வந்து செய்திருக்கிறீர்கள்.

அந்த ஆறரை மணி வகுப்புக்கு வருகிறேன். விடுதியில்லாத பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், பிள்ளையை வளர்க்கும் வேலையில் பாதியைத் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள்; மாலையும் இரவும் வீட்டுக்குச் சொந்தம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். மூன்றரை மணிக்குப் பள்ளி முடிந்ததும் வீட்டில் சோறு போட்டு, தலை சீவி, அன்றைக்கு யாரோடு சண்டை என்று கேட்டு உட்கார ஒருவர் இருந்தார். அவரை அனுப்பிவிட்டு, அதே மூன்று மணி நேரத்தை இப்போது பள்ளியிடம் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் நீச்சலோ நாடகமோ இருக்கட்டும், குழந்தைக்குப் பிடித்தால் நல்லதுதான். ஐந்து நாளும் ஆறரை மணி வரை என்றால், அது குழந்தைக்கான திட்டம் அன்று, உங்கள் அலுவலக நேரத்துக்கான திட்டம். முதல் வகுப்புப் பிள்ளைக்கு மாலையில் ஒன்றும் செய்யாமல் இருக்கவும் நேரம் வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள். இருபாலர் பள்ளி நல்லதே. ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் அமர்ந்து சண்டை போட்டு, சமாதானமாகி வளரும் பிள்ளைகள் பிற்காலத்தில் ஒருவரை ஒருவர் கண்டு மிரளுவதில்லை. பாதுகாப்பு என்பது வண்டியில் பெண் உதவியாளர் இருக்கிறாரா, புகார் வந்தால் யார் விசாரிப்பார் என்பதில் இருக்கிறது. அதைக் கேட்டு உங்கள் மாமனாருக்கும் சொல்லுங்கள். கட்டணத்தைக் கடன் வாங்காமல், அம்மாவின் மருத்துவச் செலவைக் குறைக்காமல் பன்னிரண்டு ஆண்டுகள் கட்ட முடியும் என்றால் கட்டலாம். அது ஆண்டுதோறும் உயரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நன்கொடை என்று தனியாகக் கேட்டால், நான் மேலே சொன்ன அதே 13-ஆவது பிரிவு அதையும் தடை செய்கிறது. நீட் பற்றிய கவலைக்கு இன்னும் பத்தாண்டு இருக்கிறது. இன்றைய நிலையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான ஐ.பி. டிப்ளமோவின் வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியல் பாடங்கள்தான் எளிதாக அமையும் என்பதால், நீட்டுக்குத் தேவையான இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டுமென்றால் தனி அனுமதி கேட்க வேண்டிவரும். பதினோராம் வகுப்புக்குப் பள்ளி மாறுவோரும் உண்டு. ஐந்து வயதில் அவளை மருத்துவராக்கிவிட்டது யார் என்று நான் கேட்கவில்லை. அதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.

இந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய் அம்மாவை அழைத்து வாருங்கள். மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பியை விட்டு அனுப்பி வைக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் யார் யார் என்ற கேள்விக்குக் கொடுத்த பயிற்சி தவறு என்று மகளிடம் நீங்களே சொல்ல வேண்டும், அதையும் அம்மா இருக்கும்போதே சொல்லுங்கள். நேர்காணல் நாளில் அம்மாவும் உடன் வரட்டும். முடிந்தால் முன்னதாகவே வளாகத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். அந்தப் பள்ளியின் மொழிக் கொள்கை எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். தமிழாசிரியர் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை வகுப்பு, தாத்தா பாட்டிகளை வகுப்பறைக்கு அழைக்கும் வழக்கம் உண்டா என்று நீங்கள் அவர்களிடம் கேள்வி கேளுங்கள். உங்கள் அம்மாவைப் பார்த்து அங்கே யாராவது முகம் சுளித்தால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பாருங்கள். சென்னையில் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. சேர்க்கை விஷயத்தில் இன்னும் ஐயம் இருந்தால், அம்மா வீட்டுக்கு வந்த பிறகு எழுதுங்கள்.