சிறையிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக இடைக்காலத் தங்குமிடம் எதற்கு? நேரே வீட்டுக்குப் போகலாமே?

வீடு இருந்தால் போகலாம். பலருக்கு அது இருப்பதில்லை. பத்துப் பதினைந்து வருடம் உள்ளே இருந்தவர் ஒரு நாள் அரசரடியில் மதுரை மத்திய சிறை வாசலில் துணிப்பையோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு பஸ் ஏறுவார்? பெற்றோர் இறந்திருக்கலாம். அவரால் பாதிக்கப்பட்ட குடும்பம் அதே தெருவில் இருக்கலாம். வாடகை வீடு என்றால் முன்பணம் வேண்டும், தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த முதல் சில வாரங்கள்தான் ஆளைப் பழைய கூட்டாளிகளிடமே தள்ளுகின்றன.

அமெரிக்க மத்திய அரசின் சிறைகளில், தண்டனையின் கடைசிப் பகுதியை, பொதுவாக 12 மாதம் வரை, இப்படியான இடைக்காலத் தங்கும் விடுதியில் கழிக்க அனுப்புகிறார்கள். பகலில் வேலைக்குப் போகலாம், குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கையில் கொஞ்சம் காசு சேரும். அதைவிட முக்கியம், தானாக முடிவெடுக்கும் பழக்கம் மெல்லத் திரும்பும்.

நம்ம பக்கம் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அதுவும் சிறைதான். விடுதலையான அன்று ராத்திரி எங்கே படுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உங்கள் உறவினர் யாராவது உள்ளே இருந்தால், விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே சிறை நல அலுவலரிடம் பேசுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, தங்க இடம், அப்புறம் வேலை என்ற வரிசையில் கேளுங்கள்.