படகு உங்களுடையது, கரைக்கடல் யாருடையது?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். பேங்க் கடனும் வீட்டு நகையும் போட்டு எடுத்த படகு. மூன்று நாட்டிகல் மைலுக்குள் இழுவை வலை போட்டேன் என்று மீன்வளத்துறை படகைப் பிடித்து வழக்குப் போட்டுவிட்டது. கடல் எல்லாருக்கும் பொது, தொழில் செய்வது என் அடிப்படை உரிமை. ரிட் போட்டால் ஜெயிக்குமா சார்?

பதில்: இந்த வாதத்தை மட்டும் நம்பி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகாதீர்கள், நிற்காது. அரசியலமைப்பின் 19(1)(ஜி) தொழில் உரிமையைத் தருகிறது, சரி. ஆனால் பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19(6) சொல்கிறது. 1983ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோர மூன்று மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது அந்தக் கணக்கில்தான்.

கடல் பொது என்கிறீர்களே, அதுதான் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். தனிச்சொத்து உரிமைக்காக அழுத்தமாக வாதாடிய ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், கடலில் பிடித்த மீன் பிடித்தவனுக்கே சொந்தம் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர், பொதுவில் இருந்து எடுப்பவன் மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் வைக்க வேண்டும் என்று கூடவே நிபந்தனை போட்டார். இழுவை மடி அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போன இடத்தில் நாட்டுப்படகில் போகும் வல்லக்காரருக்கு என்ன மிஞ்சும்? அவருக்கும் உங்களுக்கு இருக்கிற அதே தொழில் உரிமைதான் இருக்கிறது, ஆழத்துக்குப் போக இன்ஜின் பலம்தான் இல்லை. பங்கீட்டு நியாயம், அதாவது பொதுவில் உள்ளதை எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடுவது, உங்கள் உரிமையைத் தட்டிப் பறிக்கிறது என்று நினைக்காதீர்கள், அவருடைய உரிமை காகிதத்தோடு நின்றுவிடாமல் இருக்க அது வேண்டும். கேரள அரசு - ஜோசப் ஆண்டனி வழக்கில் மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி போன்ற வலைகளுக்கான தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் பாரம்பரிய மீனவர்களின் பிழைப்பைப் பார்த்துத்தான்.

அதற்காக, பலருக்கு நல்லது என்று சொல்லி உங்களை என்ன வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. சொத்தைப் பறிக்கச் சட்டத்தின் அதிகாரம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 300ஏ பிரிவு. தனியார் சொத்து எல்லாமே சமுதாய வளம் ஆகிவிடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. அதனால் நோட்டீஸ் ஒழுங்காகக் கொடுத்தார்களா, உங்கள் தரப்பைக் கேட்டார்களா, நீங்கள் இருந்த இடத்தை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று பாருங்கள். உங்கள் ஜிபிஎஸ் பதிவு மூன்று மைலுக்கு வெளியே காட்டினால் வழக்கே அதுதான், அதை அழியாமல் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பாக் நீரிணையில் இந்தப் பக்கம் மூன்று மைல், அந்தப் பக்கம் இலங்கையோடு 1974 ஒப்பந்தம் போட்ட சர்வதேச எல்லை, நடுவில் நெருக்கடி என்று உங்களுக்குக் கோபம் இருந்தால் அது நியாயமானது. பங்கீட்டு நியாயம் உங்களுக்கும் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை அரசிடம்தான் கேட்க வேண்டும், வல்லக்காரரிடம் அல்ல. இழுவைப் படகுக்குப் பதில் ஆழ்கடல் படகு வாங்க 2017இல் கொண்டுவந்த திட்டத்தில் மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம் தந்தன. இப்போது என்ன விதிமுறை என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் மனு எழுதியே கேளுங்கள். அதற்கு முன்னால் நோட்டீஸில் உள்ள தேதியைப் பார்த்துப் பதிலைக் கொடுத்துவிடுங்கள், அபராத உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு.