ஆளுக்கு ஒன்று பிடியுங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். தினமும் காலையில் சேர்ந்து உடற்பயிற்சி செய்வது, முடித்ததும் அரை மணி நேரம் வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு வாசிப்பது என்று இரண்டு மாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். மூலத்துக்கு மிக நெருக்கமான மொழிபெயர்ப்பு எது?

பதில்: 'திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டு மாதமாகவா! என்ன நடந்திருக்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு. அதற்குப் பெயர் வைக்க ஒரு வாரம். குழுவின் படம் டம்பெல்லா, திறந்த புத்தகமா என்று வாக்கெடுப்பு, இரண்டுக்கு இரண்டு. ஐந்து மணியா ஐந்தரையா என்று ஒரு பஞ்சாயத்து. ஒருவர் எக்செல்லில் அட்டவணை தயாரித்து ஆளுக்கொரு நிறம் கொடுத்திருப்பார். எனக்கு மட்டும் ஏன் பழுப்பு என்று இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். ஷூ வரட்டும், தொடங்கலாம் என்றிருப்பார் மூன்றாமவர். ஷூ வந்திருக்கும், அளவு சரியில்லை என்று திரும்பிப் போயிருக்கும். கடைசியில் திங்கட்கிழமை என்று முடிவாகியிருக்கும். அந்தத் திங்கட்கிழமையோ, கொஞ்சமும் இங்கிதமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே வந்து தொலைத்திருக்கும். இத்தனைக்கும் நடுவே, உதிக்கிற சூரியன் படத்தோடு குட் மார்னிங் மட்டும் நால்வரும் தவறாமல் அனுப்பியிருப்பீர்கள், படுத்தபடியே.

நடப்பதற்கு என்ன ஐயா திட்டம்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைகளுக்கு வேலை. ஐந்து நாள் அரை அரை மணி விறுவிறுவென்று நடந்தால் முதல் பங்கு தீர்ந்தது. பத்தாயிரம் அடிக் கணக்கு மட்டும் வேண்டாம். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்ததல்ல. 1960-களின் நடுவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான். விளம்பரப் பெயரை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, 9,600-இல் நின்றுபோனவர் இரவு பதினொரு மணிக்குக் கட்டிலைச் சுற்றி வருகிறார்.

சரி, வேதவாக்குக்கு வருவோம். 'மூலத்துக்கு நெருக்கம்' என்கிறீர்களே, பழைய ஏற்பாட்டின் மூலமொழி எபிரேயம், புதியதற்குக் கிரேக்கம். உங்களில் யாருக்கு எபிரேயம் தெரியும், யாருக்குக் கிரேக்கம் தெரியும்? தெரியாவிட்டால் நெருக்கத்தை எதை வைத்து அளக்கப்போகிறீர்கள்? சின்ன வயதில் காதில் விழுந்தது எதுவோ அதுவே பலருக்கு மூலம். 'பழையதே சுத்தம், புதியதெல்லாம் கலப்படம்' என்று எனக்கு விடாமல் கடிதம் போடுகிற கோஷ்டியும் இதைக் கேட்கட்டும். 1714-15-இல் தரங்கம்பாடியில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது. பின்னால் பெப்ரிசியஸ் பாதிரியார் வந்தார், வேறாகச் செய்தார். ரேனியஸ் பாதிரியார் வந்தார், அவரும் வேறாகச் செய்தார். இன்று பழையது என்று நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறீர்களே, அதற்கு அடிப்படை ஹென்றி பவர் என்ற பாதிரியார் தலைமையில் 1871-இல் முடிந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. வந்த நாளில் அதுவும் புதுசுதான். லுத்தரன் சபையினர் பெப்ரிசியஸின் மொழிபெயர்ப்பைக் கைவிட மறுத்தார்கள். நடுவில் 1850-இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்று வந்தது. அதில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர். பாதிரிமாரை எதிர்த்துச் சைவப் பிரசங்கம் செய்த அதே நாவலர்தான். வேலை வேறு, சண்டை வேறு என்று இருந்திருக்கிறார் மனிதர். அந்த வித்தை இப்போது வழக்கொழிந்துவிட்டது.

உங்கள் வேலைக்கு இரண்டு போதும்: பவர் வழி வந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியம் ஒன்று. 23-ஆம் சங்கீதத்தை எடுங்கள். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' என்கிறது முன்னது. 'ஆண்டவரே என் ஆயர். எனக்கேதும் குறையில்லை' என்கிறது பின்னது. இரண்டையும் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மிதமான உழைப்புக்கு ஒரு சோதனை உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. 'மேய்ப்பராயிருக்கிறார்' நடுவில் உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். முழுச் சங்கீதத்தையும் ராகம் போட்டுப் பாட முடிகிறதென்றால் நீங்கள் நடக்கவில்லை, உலாத்துகிறீர்கள்.

ஒப்பிடுகிற முறைக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்துக்கு ஏறத்தாழ ஐம்பது அறிஞர்கள் ஆறு குழுவாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கூடிச் சரிபார்த்த விதத்தை அந்தக் காலத்து ஆங்கிலேய அறிஞர் ஜான் செல்டன் சொல்லியிருக்கிறார். ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு மொழியின் வேதாகமத்தைக் கையில் பிடித்திருப்பார்கள். குறை கண்டால் பேசுவார்கள். இல்லையா, வாசிப்பவர் மேலே போய்க்கொண்டே இருப்பார். குறை இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பது உங்கள் நால்வருக்கும் நடையைவிடக் கடுமையான பயிற்சியாக இருக்கும் என்று கடிதத்தின் நீளத்திலிருந்து தெரிகிறது (கேள்வியை நான்தான் சுருக்கிப் போட்டிருக்கிறேன்).

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கவேண்டாம். அப்படித் தொடங்குகிறவர்கள் அடுத்த புத்தகமான யாத்திராகமத்தின் பின்பாதியில் வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகளை எண்ணி எண்ணி ஓய்ந்துவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷம் சின்னது, 16 அதிகாரம், நாளைக்கு ஒன்று. பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தை மழை நாளுக்கு ஒதுக்கிவையுங்கள். அன்றைக்கு எப்படியும் நீங்கள் வெளியே போகப்போவதில்லை.