ஏழை நாடுகளில் மருத்துவம் மக்களைச் சென்றடைவது பற்றிய ஆய்வுகளால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. உலகம் முழுக்கக் காசநோய்க்குச் சிகிச்சை தரும் முறையையே சென்னையில் நடந்த ஓர் ஆய்வு மாற்றிப் போட்டது. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மனம் வராது.

"இவ்வளவு ஆய்வு நடக்கிறது, இவ்வளவு அறிக்கை வருகிறது, கிராமத்து மனிதனுக்கு என்ன கிடைத்தது?" என்று கேள்வியின் விளக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆதங்கம் நியாயமானதுதான். சுகாதார ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரிப்பது என் வேலை. பெரும்பாலும் வட தமிழ்நாட்டு மாவட்டங்களில், பெரும்பாலும் டி.பி. சம்பந்தப்பட்டவை. அலமாரியில் தூங்கும் அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா ஆய்வும் ஒன்றல்ல. நடைமுறையை மாற்றிய ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அவை குறையை நோயாளியிடம் தேடவில்லை. சிகிச்சை கொடுக்கும் இடத்தில் தேடின.

முதலில் சென்னை ஆய்வு. 1950-களில் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் இன்றும் ஒரு ஸ்டேஷனாக நிற்கிறது. சுத்தமான காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. ஸ்ட்ரெப்டோமைசின், பி.ஏ.எஸ்., ஐசோனியசிட் என்று மருந்துகள் வந்த பிறகும், அவற்றைச் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தால்தான் பலன் என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். குடிசையில் இருப்பவன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டான், சாப்பிட்டாலும் அந்தச் சாப்பாட்டில் தேற மாட்டான், வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒட்டவைத்துவிடுவான் என்பது கணிப்பு. இந்தியாவிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகள் அதில் ஒரு சிறு பங்குக்குக்கூடப் போதாது.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. இரண்டு பேருக்கும் அதே மருந்து, அதே ஒரு வருடம்.

வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒரு முறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். சாப்பிடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள அவர்களின் வாய்ப்பேச்சை மட்டும் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கி, அதில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. வீட்டுக்காரர்கள் சாப்பிட்டது மோசமான சாப்பாடு, ஓய்வு குறைவு, இருந்தது நெரிசலான அறைகளில். அப்படியிருந்தும் இவ்வளவுதான் வித்தியாசம். கூட வசித்த குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை.

இந்த ஆய்வில் புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மருந்தை எங்கே வைத்துக் கொடுப்பது என்ற ஒரே கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் 1962-ல் இந்தியா தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக வைத்தே எழுந்தது. ஒவ்வொரு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டன. பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு ஒரு வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டிய கட்டாயம் எத்தனை அம்மாக்களுக்கு இல்லாமல் போயிற்று என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு இணையாக நான் மதிக்கும் இன்னொரு ஆய்வு பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்தினுடையது. சென்னை ஆய்வு அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. 1963-ல் வெளிவந்தது. டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் பக்கத்துக் கிராமங்களில் காசநோய் உள்ளவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், என்ன செய்தார்கள் என்று விசாரித்தார்கள். கிராமத்தான் இருமலைப் பொருட்படுத்த மாட்டான், அவனைப் பிடித்துத்தான் இழுத்து வர வேண்டும் என்பது அன்றைய பொது எண்ணம். ஆய்வில் தெரிந்தது வேறு. கிட்டத்தட்ட எல்லோருக்கும் தங்களுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. பெரும்பாலானவர்கள் கவலைப்பட்டிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஒரு மருத்துவ நிலையத்தின் வாசலை மிதித்திருந்தார்கள். அங்கே சளியைச் சோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அதனால்தான், ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி அனுப்புவதைவிட, தானாக வரும் இருமல்காரருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே சளிப் பரிசோதனை செய்வது என்ற வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் "ரெண்டு வாரமா இருமலா? சளி குடுத்துட்டுப் போங்க" என்று கேட்பது அதன் தொடர்ச்சி.

ஆனால் தும்கூரில் பார்த்தது முடிந்துபோன கதை இல்லை. கட்டட வேலைக்குப் போகும் ஓர் அம்மாவைப் பேட்டி எடுக்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். கேள்வித்தாளில் "சிகிச்சைக்கு வரத் தாமதமானதற்குக் காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அறியாமை, பணமின்மை, தூரம், மற்றவை என்று நான்கு பதில்கள். நான் கேட்டதும் அவர், "நான் எங்க சார் போகாம இருந்தேன்?" என்று எழுந்து போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். இருமல் மருந்து பாட்டில்கள், ஒன்றின் அடியில் சிவப்பாகக் கொஞ்சம் மிச்சம். பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். மூன்று வெவ்வேறு இடங்களில் எழுதிய சீட்டுகள். தேதி வாரியாக அடுக்கினால் நான்கு மாதக் கதை அதில் இருந்தது. ஒரு சீட்டிலும் சளிப் பரிசோதனை எழுதப்படவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று, ஊசிக்கும் மருந்துக்கும் காசு போயிற்று. அவருடைய பதிலுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. "மற்றவை" என்று குறித்துவிட்டு, ஓரத்தில் முழுவதையும் எழுதி வைத்தேன்.

மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று முடியும் அறிக்கைகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். அப்படி எழுதினால் துண்டுப்பிரசுரம் அடித்துவிட்டு யாரும் நிம்மதியாக இருந்துவிடலாம். ஆஸ்பத்திரியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

வங்கதேசத்துக்கு வருவோம். காலராவில் நீரை இழக்கும் நோயாளிக்கு, ஏற்றும் சலைனில் பெரும்பகுதிக்குப் பதிலாக உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கலாம் என்பது 1968-ல் டாக்காவில் நடந்த ஆய்வுகளில் உறுதியானது. 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோக, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலையே டிரம்களில் கலந்து, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கவைத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்து தயார். ஆனால் கிராமத்து அடுப்படிக்கு அது எப்படிப் போகும்?

1980 முதல் பிராக் என்ற வங்கதேச அமைப்பு பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அம்மாக்களைத் தங்கள் கையாலேயே கலக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதை வைத்துப் பணியாளருக்குச் சம்பளம் போடவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் கேட்டுப் பார்ப்பார்; அந்த அம்மாக்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பச் சம்பளம். அப்படியும் அம்மாக்கள் சரியாகச் சொன்னார்கள், ஆனால் குழந்தைக்கு வந்தபோது கொடுக்கவில்லை. ஏன் என்று தோண்டியதில், கற்றுக்கொடுக்கப் போன பணியாளர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டையும் சரிசெய்தார்கள். பத்து வருடத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போயிருந்தார்கள். தன் ஊழியர்களிடமே குறையைத் தேடிக் கண்டுபிடித்த அந்த நேர்மைக்காகவே இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும்.

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்திலும் இதே மாதிரிதான். அங்கே துணை சுகாதார நிலையங்கள் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன என்பதை முதலில் ஓர் ஆய்வு காட்டியது. பிறகு பொருளாதார வல்லுநர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு தடுப்பூசியைப் பற்றி ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டது. எதுவும் செய்யாத கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், கடைசியில் எவர்சில்வர் தட்டுகளும் கொடுத்த இடங்களில் 39. எல்லோரும் பருப்பைப் பற்றியே பேசுகிறார்கள். சொன்ன தேதியில் நர்ஸ் வந்ததாலேயே மூன்று மடங்கு ஆனது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

சரி, குறையே இல்லையா என்றால், இருக்கிறது. "போன தடவையும் வந்து எழுதிட்டுப் போனாங்களே, என்ன ஆச்சு?" என்று எந்த ஊரிலும் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. ஒரு மணி நேரம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னவருக்கு முடிவைத் திரும்பச் சொல்லும் வழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. அது தவறு. அவர்களுடைய தகவல் அது. சிறிய இடத்தில் நன்றாக நடந்த சோதனை, ஆய்வுப் பணம் தீர்ந்ததும் அப்படியே நின்றுபோவதும் அடிக்கடி நடக்கிறது.

நின்றுபோகாமல் திட்டமாக வளர்ந்ததற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. டி.பி.யில் இறப்பவர்களில் பெரும் பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே இறக்கிறார்கள். 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில், நோய் உறுதியான உடனேயே சுகாதாரப் பணியாளர் சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை முறை, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. லேப் எதுவும் வேண்டாம். ஆபத்தில் இருப்பவர் அன்றே தெரிந்துவிடுகிறார், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார்.

சென்னை ஆய்வுக்கே இப்போது ஒரு தொடர்ச்சி வந்திருக்கிறது. நல்ல சாப்பாடு இல்லாமலும் மருந்து வேலை செய்யும் என்று அது காட்டியதை, சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019-ல் தொடங்கிய ராஷன்ஸ் ஆய்வு வேறொன்றைக் கேட்டது: நோயாளியின் குடும்பமே நன்றாகச் சாப்பிட்டால்? அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், அதே சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள். பாதி இடங்களில் மட்டும், குடும்பத்தில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும், சின்னக் குழந்தைகளுக்கு அதில் பாதி. 2023-ல் வந்த முடிவின்படி, அப்படிக் கொடுத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் டி.பி. 48 சதவீதம்.

மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் போட்டுவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நன்கொடையாளர்கள் தரும் உணவுப் பொருளைக் குடும்பத்தாருக்கும் நீட்டிக்க முடிவாகியிருக்கிறது. இப்போது அளந்து பார்க்க வேண்டியது, அது யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதை. ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு வந்து சில மாதம் தங்கும் குடும்பத்தில் ஒருவருக்கு டி.பி. என்றால், அவர் பெயர் இங்கே பதிவாகும், வங்கிக் கணக்கு அங்கே இருக்கும், சூளை வேலை முடிந்ததும் குடும்பம் ஊருக்குக் கிளம்பிவிடும். மாத்திரை அட்டை அவரோடு போகிறதா, பணம் போகிறதா, பருப்பு போகிறதா என்று ஊர் வரை கூடவே போய்ப் பார்க்கும் ஓர் ஆய்வு நடந்தால், அதில் வேலை செய்ய நான் தயார்.