பின்கட்டை நீட்டுமுன் ஒரு முற்றம் விடுங்கள்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாத்தா வாங்கிய, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வரிசை வீடு எங்களுடையது. ஒற்றைத் தளம், 18 அடி அகலம். பின்னால் 24 அடி நிலம், மேற்குப் பார்த்தது. நடு அறையில் பகலிலேயே விளக்குப் போடுகிறோம். பின்சுவரோடு சேர்த்து 12 அடிக்குச் சமையலறை கட்டி, லண்டன் வீடுகளில் பார்த்ததுபோல் கண்ணாடிக் கூரை போடலாமா?

பதில்: கண்ணாடிக் கூரை வேண்டாம். லண்டன்காரர் வெயிலுக்கு ஏங்குகிறவர். உங்கள் ஊரில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது; அதுவும் நம் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகாலுக்கு. சாப்பிட உட்காரும் நேரத்தில் தலைக்கு மேல் கண்ணாடி இருந்தால் தட்டில் சோறு ஆறவே ஆறாது.

இருட்டு நடு அறையில்தானே? பின்சுவரோடு ஒட்டிக் கட்டினால் அங்கே இப்போது எட்டிப்பார்க்கும் வெளிச்சமும் போய்விடும். ஆகவே பின்சுவரை அடுத்து ஒரு முற்றம் விட்டு, அதற்கு அப்பால் சமையலறையைக் கட்டுங்கள். பக்கவாட்டில் கூரையிட்ட நடை ஒன்று இரண்டையும் இணைக்கட்டும். பழைய கடைவீடுகளிலும் இதே ஏற்பாடுதான். பின்னால் வந்தவர்கள் முற்றத்தைத் தகரத்தால் மூடிவிட்டு மின்கட்டணம் கட்டுகிறார்கள்.

1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளின்படி, இரண்டு தளம் வரையிலான கட்டடத்தில் இத்தகைய முற்றம் 7 சதுர மீட்டருக்கும், எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்கும் குறையக்கூடாது. 2.5க்கு 3 மீட்டர் விட்டால் நடைக்கும் இடம் மிஞ்சும். அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு சன்னல் வேண்டும், அதில் பாதியளவு காற்றுக்குத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் சமையலறைக்குச் சுமார் 22 சதுர அடி சன்னல். அதில் பெரும்பகுதியை முற்றத்துப் பக்கம் வையுங்கள். மாலை ஐந்து மணி வெயில் தாழ்ந்து வரும். மூன்றடி இறவாரம் அதைத் தடுக்காது. மேற்குச் சுவருக்கு உயரத்தில் சிறு சன்னல்கள் போதும்.

முற்றத்தால் இன்னொரு லாபம்: பழைய ஓட்டுக் கூரையும் புதுக் கூரையும் சந்திக்கும் இடத்தில் மழைநீர் ஓட நீண்ட தகரக் கால்வாய் வைக்க வேண்டியதில்லை. பேராக் மழையில் முதலில் ஒழுகுவது அந்த இடம்தான், நான் பார்த்தவரை. முற்றத்துத் தரையை நாலு அங்குலம் தாழ்த்தி, சமையலறைக்கு அடியில் போகும் வடிகாலுக்கு இரு முனையிலும் திறந்து பார்க்கும் தொட்டி வையுங்கள். இலை அடைத்தால் தரையை உடைக்க நேரக்கூடாது.

புதுக் கட்டடத்துக்குத் தனி அடித்தளம், தனித் தூண்கள். பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் உத்திரத்தை ஏற்ற விடாதீர்கள். கொத்தனார் அதைத்தான் மலிவு என்பார். நடை பழைய சுவரைத் தொடும் இடத்தில் சிறு இடைவெளி விட்டு நெகிழும் பசையால் அடையுங்கள். புதுக் கட்டடத்தின் கீழ் மண் அமுங்கும்போது பழைய சுவர் வெடிக்காது.

பின்சந்துப் பக்கம் எவ்வளவு ஒதுக்கு விட வேண்டும் என்று நகராண்மைக் கழகத்தில் கேட்டு, வரைபட ஒப்புதல் கிடைத்த பிறகே மண்வெட்டியைத் தொடுங்கள். பின்னால் இப்போது சாய்ப்பு இருந்து, அதன் கூரை பழைய நெளிசிமெண்டுத் தகடாக இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். உடைக்காமல், அறுக்காமல், அந்த வேலை தெரிந்தவரைக் கொண்டு முழுசாக இறக்குங்கள்.