எட்டணா குத்தகை

ஊர்க்கணக்கு: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் சென்ட்ரல் பக்கம் விக்டோரியா பொது அரங்கத்தைப் பற்றி நாலே வரி எழுதினேன். மாநகராட்சி அதைப் பழுது பார்க்க 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது, எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று. அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காக வந்த கடிதங்கள் மேஜை கொள்ளவில்லை. எனவே இந்த வாரம் முழுக்க இதே பேச்சு. முருங்கைக்கீரை விலை பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தெருவில் தோண்டிய மழைநீர் வடிகாலுக்கு இன்னும் மூடி வரவில்லை. இந்த நிலையில் நாடகக் கொட்டகைக்கு 32 கோடியா? அது என்ன அத்தியாவசியமா?

உங்கள் கோபம் நியாயம். வடிகால் மூடி அவசியம், கொட்டகை அவசியம் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் கதையை ஒரு குமாஸ்தா கண்ணோடு பாருங்கள். நான் முப்பத்து நாலு வருடம் ஓர் உள்ளாட்சியில் குத்தகைப் பிரிவில் கோப்பு தூக்கியவன். எனக்குக் கட்டடம் தெரியாது, பத்திரம்தான் தெரியும்.

சிஷோம் வரைபடம் போட்டார், நம்பெருமாள் செட்டி கட்டினார். இது எல்லோருக்கும் தெரிந்தது. நான் பார்ப்பது நிலத்தை. 57 கிரவுண்டு. 1886 ஏப்ரல் 1 முதல் 99 வருடத்துக்கு மாநகராட்சி ஓர் அறக்கட்டளைக்குக் குத்தகைக்கு விட்டது. வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. மொத்தமாகப் பெருக்கிப் பாருங்கள்: வருடத்துக்கு இருபத்தெட்டு ரூபாய் எட்டணா. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில்! அந்தக் காலத்து எட்டணா பெரிய காசு என்று யாராவது சொல்வார்கள். சரி, 1886-ல் இருக்கலாம். 1950-ல்? 1984-ல்?

இதற்கு அந்தப் பத்திரத்தில் மானியம் என்று பெயர் இல்லை. ஆனால் அதுதான் மானியம். பணமாகக் கொடுத்தால் பட்ஜெட்டில் தெரியும், மன்றத்தில் யாராவது எழுந்து கத்துவார்கள். குறைந்த வாடகையாகக் கொடுத்தால் நூறு வருடத்துக்கு ஒருவர் கண்ணிலும் படாது.

ஊருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும் அல்லவா? பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா அங்கே நாடகம் போட்டது. 1890-களில் சென்னைக்காரர்கள் சினிமா என்ற புது அதிசயத்தை அங்கே பார்த்தார்கள். முதல் ஐம்பது வருடத்துக்கு அந்த எட்டணா நஷ்டம் ஊருக்கு லாபம்தான் என்பேன். அதற்கப்புறம் அரங்கு தூங்கியது. வளாகத்தில் ஓட்டல் வந்தது, கடைகள் வந்தன, எட்டணா மட்டும் அப்படியே இருந்தது.

ஆக, குத்தகைக் காலம் முடிந்த பிறகு சொந்தக் கட்டடத்தை மாநகராட்சி பழுது பார்ப்பதை நான் மானியம் என்று சொல்ல மாட்டேன். வீட்டு ஓடு மாற்றுகிற மாதிரி. அதை யாருக்கு, எத்தனை வருடம், என்ன வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு காகிதம் வருமே, அன்றைக்குத் தொடங்கும் மானியம். கடிதம் எழுத வேண்டியது அன்றைக்கு.

அண்ணா நகர் வாசகி ஒருவர்: என் பையன் அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருக்கிறான். சட்டை வாங்கினாலும் அதில் ஸ்டேடியத்துக்கு வரி போகிறது என்கிறான். தமாஷா, நிஜமா?

நிஜம்தான் அம்மா. அந்த ஊர் இருக்கும் ஹாமில்டன் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) 1996-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். நூறு டாலருக்கு அரை டாலர் கூடுதல் விற்பனை வரி. அதில் நகர மையத்தில், ஆற்றங்கரையில் இரண்டு ஸ்டேடியம். ஒன்று அவர்களுடைய கால்பந்துக்கு, ஒன்று பேஸ்பாலுக்கு. "இந்த வரியில் ஒரு பங்கை வீட்டு வரிச் சலுகையாகத் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு இனிப்பும் சேர்த்தார்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். 2000-லும் 2003-லும் ஸ்டேடியங்கள் திறந்தன.

வரி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. செலவு எதிர்பார்த்ததைத் தாண்டிப் போனது. வீட்டு வரிச் சலுகையைச் சுருக்கினார்கள். 2011-ல் தங்கள் கையில் இருந்த ஒரு மருத்துவமனையை விற்று ஓட்டையை அடைத்தார்கள். எனக்குப் பிடித்த இடம் அந்தக் கால்பந்து அணியோடு போட்ட குத்தகைப் பத்திரம். மற்ற ஸ்டேடியங்களில் புதுப்புது வசதி வந்தால், இங்கேயும் கவுண்டி செலவிலேயே போட்டுத்தர வேண்டும் என்று ஒரு ஷரத்து. அந்தப் பட்டியலில் ஹோலோகிராம் ரீப்ளே (ஆட்டத்தை முப்பரிமாணமாகத் திரும்பக் காட்டுவது) கூட இருந்தது. இன்னும் கடைக்கே வராத சாமானுக்கு முன்கூட்டியே கையெழுத்து! முப்பத்து நாலு வருடத்தில் இப்படி ஒரு ஷரத்தை நான் பார்த்ததில்லை. எழுதிய வக்கீலுக்கு ஒரு கும்பிடு.

செயின்ட் லூயிஸ் கதை இன்னும் மோசம். 1995-ல் மாநிலமும் நகரமும் கவுண்டியும் கடன் பத்திரம் போட்டு, கூரை போட்ட ஒரு ஸ்டேடியம் கட்டி, வேறு ஊர் அணியை அழைத்து வந்தார்கள். ஸ்டேடியம் நாட்டின் முதல் தர வரிசையில், அதாவது மேல் கால்வாசியில், இருக்க வேண்டும். இல்லையென்றால் அணி கிளம்பலாம் என்பது ஷரத்து. 2016-ல் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பியது. மூன்று அரசும் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலர் கட்டுவது அதற்கப்புறமும் சில வருடம் ஓடியது. மாப்பிள்ளை ஓடிப்போன பிறகும் கல்யாண மண்டபத்துக்குத் தவணை கட்டின கதை. நகரமும் கவுண்டியும் கேஸ் போட்டு 2021-ல் 79 கோடி டாலர் சமரசமாக வாங்கினார்கள், அது மட்டும் ஆறுதல்.

லயோலா பக்கத்து விடுதி மாணவர்: சார், நீங்கள் செலவை மட்டும் பார்க்கிறீர்கள். ஸ்டேடியம், அரங்கு வந்தால் சுற்றியுள்ள கடைகளுக்கு வியாபாரம் வருமே. அது கணக்கில் வராதா?

வரும் தம்பி. ஆனால் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குடும்பம் இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்குகிறது. புது அரங்குக்குப் போனால் புரசைவாக்கத்தில் பார்க்க இருந்த படம் கிடையாது, அங்கே சாப்பிட இருந்த டிபன் கிடையாது. பாக்கெட் அதே பாக்கெட். அமெரிக்கப் பொருளாதாரக்காரர்கள் பத்துப் பதினைந்து விஷயத்தில் சண்டை போடுவார்கள், இந்த ஒரு விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றாக நிற்கிறார்கள்: ஸ்டேடியத்துக்குப் போட்ட பொதுப்பணம் ஊர் வருமானமாகத் திரும்பி வருவது அபூர்வம். வெளியூர்க்காரன் வந்து செலவழித்தால்தான் புதுப் பணம்.

நேரு ஸ்டேடியத்துக்குப் பின்னால் பெரியமேட்டில் நான் டீ குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. பெரிய மேட்ச் என்றால் கல்லா நிறையும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். "சாயங்காலமே பேரிகேட் போட்டுடுவாங்க சார். தோல் குடோனுக்கு வர்ற வண்டி வராது. மூட்டை தூக்கறவங்கதான் என் வியாபாரம். மேட்ச் பாக்க வர்றவங்க உள்ளயே பாப்கார்ன் வாங்கிக்கறாங்க" என்றார். அன்றைக்குப் பால் அரைப் பாத்திரம் மிஞ்சியிருந்தது. அதில் எனக்கு ஓர் இலவச டீ.

பெயர் வேண்டாம், வேளச்சேரி: கிண்டி ரேஸ் கோர்ஸை 2024-ல் சீல் வைத்தார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேருமா?

சேரும், பலமாகவே. 160 ஏக்கர் சொச்சம், 99 வருடக் குத்தகை, வருட வாடகை 614 ரூபாய் 13 அணா. 1940-களில் எழுதியது. கால்குலேட்டர் எடுத்துக் கிரவுண்டுக்கு எவ்வளவு என்று போட்டேன். மூன்றரை அணாகூடத் தேறவில்லை. அதற்கு அறுபது வருடம் முன்னால் சென்ட்ரல் பக்கத்தில் நாடகக்காரர்களுக்கு எட்டணா, இங்கே குதிரைக்கு அதில் பாதிகூட இல்லை. வாடகையை உயர்த்தப் போய் வழக்கு பல பத்தாண்டு நடந்தது. அரசு கேட்ட பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல். பத்திரத்தில் "இத்தனை வருடத்துக்கு ஒருமுறை வாடகை மறுநிர்ணயம்" என்று ஒரு வரி தெளிவாக இருந்திருந்தால் இவ்வளவு காகிதம் செலவாகியிருக்காது.

மயிலாப்பூர் வாசகர்: தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தார்களே, அது நல்ல மானியமா?

2006-ல் வந்தது. பெயர்ப் பலகையில் தமிழ் கூடியது, சந்தோஷம். நான் வாங்கிய டிக்கெட்டில் ஒரு ரூபாய் குறைந்ததாக நினைவில்லை.

ஆவடியிலிருந்து ஒருவர்: எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்கள். எங்காவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா?

ஓக்லஹோமா சிட்டி. செத்துக் கிடந்த நகர மையத்துக்காக 1993 டிசம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி, ஐந்து வருடத்துக்கு மட்டும். முடிவில் பணம் கொஞ்சம் குறைந்தது, இன்னும் ஆறு மாதம் தரச் சம்மதமா என்று மறுபடி ஓட்டு கேட்டு வாங்கினார்கள். கடன் வாங்காமல், வரி வர வரக் கட்டினார்கள். விளையாட்டு மைதானம், உள்ளரங்கு மட்டும் இல்லை. நூலகம், பழைய கிடங்குத் தெருவில் ஒரு கால்வாய் என்று கலந்து செய்தார்கள். முடிந்ததும் அந்த வரியும் முடிந்தது. பிறகு வேறு வேலைகளுக்குத் திரும்ப ஓட்டு கேட்டு வரி போட்டார்கள், அது வேறு விஷயம். கேட்டுத்தான் போட்டார்கள்.

புரசைவாக்கம் வாசகி: குத்தகைப் பிரிவில் இருந்தேன் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். நீங்களே நேரில் பார்த்த கூத்து ஒன்று சொல்லுங்கள்.

ஊர், பெயர் சொல்ல மாட்டேன். ஒரு கலையரங்கம். நாடகம் நடத்த, கல்யாணத்துக்கு விட, எல்லாவற்றுக்கும். உள்ளே மேடை சிதைந்திருந்ததால், எடுத்து நடத்துபவர் மராமத்து செய்துகொள்ள வேண்டும், "மராமத்துப் பணி முடிவுறும் வரை" வாடகையில் பாதி தள்ளுபடி என்று பத்திரம். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். நான் அந்தக் கோப்பை முதலில் தொட்டபோது பதினொரு வருடம் ஆகியிருந்தது. அரை வாடகையே வந்துகொண்டிருந்தது.

ஓவர்சியரை அழைத்துக்கொண்டு போனேன். மேடை பளபளவென்று இருந்தது. புது நாற்காலி, மின்விசிறி, வாசலில் அன்றைக்குக் கல்யாணம், வாழைமரம். எங்கே ஐயா மராமத்து பாக்கி என்று சுற்றினோம். பின்பக்கம் ஆண்கள் கழிவறைக்கு இட்டுப்போனார் மேனேஜர். நாலு சுவரில் மூன்று பூசி, சுண்ணாம்பு அடித்து, பல்லி கூட ஏறாத சுத்தம். நாலாவது சுவர் வெறும் செங்கல். ஓர் ஆள் ஒரு நாளில் பூசிவிடலாம். "வேலை முடியலை பாருங்க சார்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. செங்கல் இடுக்கில் எட்டுக்கால் பூச்சி கூடு கட்டி, அதுவும் பழையதாகிப் போயிருந்தது.

நான் ஆடிட் அப்ஜெக்ஷன் எழுதினேன். "விளக்கம் கோரப்படுகிறது" என்று மேலே போனது. "பரிசீலனையில் உள்ளது" என்று கீழே வந்தது. அடுத்த வருடம் என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள்.

சூளையிலிருந்து ஒரு வாசகர்: இப்படி நகர மையத்தைப் புதுப்பிக்கும்போது அங்கே ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் கதி என்ன? அவர்களுக்கும் மானியம் உண்டா?

இதற்கு என்னிடம் நடுநிலையான பதில் இல்லை. என் அப்பா மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். அந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க். மார்க்கெட், மிருகக்காட்சி சாலை, ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக அதைக் கடித்துத் தின்றன. 1985 மே 30 ராத்திரி மார்க்கெட் எரிந்தது. அப்பா விடிகாலையில் போய், நனைந்த புத்தகங்களில் அட்டை பிழைத்தவற்றை மட்டும் கோணியில் போட்டுக்கொண்டு வந்தார். மாடியில் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போல் காயப்போட்டோம். புகை வாசனை கடைசி வரைக்கும் போகவில்லை.

அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. ஊருக்கு அது வேண்டும், நானே முப்பது வருடம் அதில் ஏறி வேலைக்குப் போனேன். வியாபாரிகளுக்குப் பிறகு அல்லிக்குளத்தில் கடை கிடைத்தது. கடை என்றால் சதுர அடிக் கணக்கில் கடை. அப்பாவின் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் வெளியூர் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, வழியில் படிக்க ஏதாவது தேடுகிறவர்கள். அவர்கள் அல்லிக்குளத்துக்கு வரவில்லை. பழைய இடத்துக்கே போய், டிக்கெட் கவுன்ட்டரில் விசாரித்துவிட்டு, ரயில் ஏறிப் போய்விட்டார்கள்.